ரூபி மரத்தில் ஏற்றிய சிங்கம்

மோர்னிங்சைட் நகர்ப்பகுதியில் மலைச்சிங்க வேட்டைக்குப் போன ஒரே தமிழ்க் குடும்பம் எங்களுடையது. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! ஒருவரும் நம்புவதில்லை. என் கணவர் கலியாணத்துக்கு முதல் கேட்டுவிட்டுச் சிரித்தார், கலியாணத்துக்குப் பிறகும் சிரிக்கிறார். சாட்சிக்கு மாமா இருக்கிறார், ஆனால் மாமா சொன்னால் ஒன்று ஒன்பதாகும். அம்மா இருக்கிறார், அவர் இந்தக் கதைக்கு வாயே திறக்கமாட்டார். ஆகவே நான்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஆறு. மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டு பேஸ்மென்ரில் இருந்தார். பிறம்ரனில் ட்ரக்கை எடுத்துக்கொண்டு மேற்கே போனாரென்றால் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஆளைப் பார்க்கமுடியாது. திரும்பி வரும்போது கை நிறையக் கதைகளோடு வருவார். கரடி றோட்டைக் கடந்த கதை, பிரேக் பிடிக்காமல் மலையிறங்கிய கதை, கனவில் பிள்ளையார் வந்து எக்சிற் காட்டிய கதை. அந்த மார்கழியில் கதையோடு ஒரு நாயும் வந்தது.

மாமாவின் காரில், முன் சீற்றில், அவருடைய ஜாக்கெற்றைப் போர்த்திக்கொண்டு காசு கொடுத்து ஏறிய ஆள் மாதிரி அது உட்கார்ந்திருந்தது. செங்கல் நிறம். கன்னத்துக்குக் கீழே தொங்கும் காதுகள், அதில் ஒன்று நுனியில் கிழிந்திருந்தது. பெயர் ரூபி. வயது ஒன்பது, நாய்க் கணக்கில் பார்த்தால் அப்பாவை விட மூத்தது.

நடந்தது இதுதான். பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளுக்குள் பனி சரிந்து றோட்டை மூடிவிட்டது. மாமா ஒரு சின்ன ஊரில் நாலு நாள் அடைபட்டுப்போனார். அங்கே சாப்பாட்டுக்கடை வைத்திருந்த வெள்ளைக்காரக் கிழவர் மலைச்சிங்க வேட்டைக்காரர். மலைச்சிங்கம் என்றால் பிடரிமயிர் இல்லாத, நீட்டு வாலுள்ள, மஞ்சள் நிறப் பெரிய பூனைச் சாதி. புதுப்பனி விழுந்தால்தான் கால்தடம் தெரியும் என்பதால் பனிக்காலத்தில்தான் நாய்களோடு கிளம்புவாராம். சும்மா இருந்த மாமாவையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அதுதான் தன்னுடைய கடைசி வேட்டை என்றும், முழங்கால் இரண்டும் முடிந்துவிட்டது என்றும் சொல்லியிருக்கிறார். இளம் நாய்களுக்கு ஆள் கிடைத்துவிட்டதாம். கிழட்டு ரூபிதான் யாருக்கும் வேண்டாமல் நின்றது. மாமாவுக்கு மனம் கேட்கவில்லை.

வந்த அன்றைக்கே மாமா வரவேற்பறையில் வேட்டையை நடத்திக்காட்டினார். ஜாக்கெற்றைக் கழற்றிவிட்டு சோஃபாவின் முதுகில் ஏறிக் குந்தினார். அவர்தான் சிங்கம். தம்பி கீழே நாலு காலில் நின்றான், அவன் ரூபி. நான் கிழவர். கரண்டிதான் துவக்கு.

"மணம் பிடிச்ச உடனை ரூபி ஒரு நீட்டுக் குரல் வைக்கும், ஊஊ எண்டு. அது முதல் குரல். பிறகு ஓடேக்கை வெட்டி வெட்டிக் குரைக்கும், அது ரெண்டாவது. சிங்கம் மரத்திலை ஏறிட்டுது எண்டு வை, முன்னங்கால் ரெண்டையும் அடிமரத்திலை போட்டு, அண்ணாந்து பாத்து, மூச்சு விடாமல் ஒரே அடி! அதுதான் மூண்டாவது. நாங்கள் மைல் கணக்கிலை பின்னாலை நிண்டாலும் சத்தத்தைக் கேட்டே சொல்லிப்போடலாம். நாங்கள் போய்ச் சேருமட்டும் ரூபி அந்த இடத்தை விட்டு அசையாது."

"சிங்கம் ஏன் ரூபியைக் கடிக்கேல்லை?" என்று தம்பி தரையிலிருந்து கேட்டான்.

"அதாலை கன நேரம் ஓடேலாது. மூச்சுக் காணாது. மேலை ஏறினால் தப்பிட்டன் எண்டு நினைக்கும்."

குசினியில் அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியின் சத்தம் நின்றது. "பிறகு அது இறங்கினதோ?" என்று கேட்டார்.

மாமா சோஃபாவின் முதுகிலிருந்து கீழே இறங்கினார். "ஓம் அக்கா. நாங்கள் நாயளைக் கட்டிக்கொண்டு வந்திட்டம். அது தன்ரை பாட்டிலை இறங்கிப் போட்டுது" என்றார்.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. உதென்ன வேட்டை? ஒரு வெடி வேண்டாமா, ஒரு தோல் வேண்டாமா? தோலைக் கொண்டுவந்து சோஃபாவில் விரித்திருந்தால் வகுப்பில் என்னை அசைக்க ஆள் இருந்திருக்காதே!

அம்மா வெங்காயத் தட்டோடு வந்து ரூபியை ஒரு பார்வை பார்த்தார். "பொங்கல் மட்டும்தான். பொங்கலுக்குப் பிறகு இந்த வீட்டிலை நாய் நிக்கக்கூடாது. அதுக்குள்ளை எங்கையாவது ஆளைப் பார்" என்று மாமாவுக்குச் சொன்னார். அதுவரைக்கும் ரூபி கராஜில் இருக்கலாம், படியேறி உள்ளே வரக்கூடாது. அழுது பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. சாமியறை இருக்கிற வீட்டில் நாய் கூடாது என்பதுதான் காரணம் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். ரூபி குரைக்கத் தொடங்கினால் அம்மா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். நேயர் விருப்பம் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும்.

எனக்கோ ரூபி இல்லாவிட்டால் உயிரே போய்விடும் போல் இருந்தது. பள்ளியால் வந்து பையைக்கூடக் கழற்றாமல் கராஜுக்கு ஓடுவேன். கிழிந்த காதைத் தடவவிடும், என் தமிழ்ப் பாடம் முழுவதையும் வாசிக்கக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும். ரூபி ஏதாவது பெரிய காரியம் செய்து காட்டினால் அம்மா மனம் மாறுவார் என்று ஒரு யோசனை எனக்குள் வந்து உட்கார்ந்தது. என்ன காரியம்? அதற்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். மோர்னிங்சைட்டில் சிங்கத்துக்கு நான் எங்கே போவேன்? சாமியறையில் விழுந்து கும்பிட்டேன். கடவுளும் கண்ணைத் திறந்தார், பக்கத்து வீட்டு அன்ரியின் உருவத்தில் வந்தார்.

அன்ரி தனியாள். மகள் கலியாணம் கட்டி ஒஷாவாவுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பூனை ஒன்றுதான் துணை. மஞ்சள் நிறத்தில், நெத்தலிக் கருவாடு தின்று தின்று தலையணை அளவுக்கு ஊதிப்போன பூனை. அதை அன்ரி 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். ரூபி வந்த நாள் முதல் இரண்டு தரம் வீட்டுத்தொகுதி மனேச்மென்ருக்கு முறைப்பாடு கொடுத்தவரும் இதே அன்ரிதான். பொங்கலுக்கு முதல்நாள் பின்னேரம் அவர் தொப்பியும் போடாமல் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"ஐயோ, பின்னாலை ஒரு மிருகம்! மஞ்சள் நிறம், பசுக்கண்டு அளவிலை. வேலிக்கு அங்காலை பாய்ஞ்சு பள்ளத்துக்குள்ளை போகுது!"

"வாலைப் பாத்தனீங்களோ அன்ரி?" மாமா எழும்பிவிட்டார்.

"நீட்டு வால்!"

மாமாவின் முகத்தைப் பார்க்கவேண்டும், லொத்தர் விழுந்த மாதிரி இருந்தது. இரவு வேலைக்காகப் படுத்திருந்த அப்பா போர்வைக்குள் இருந்தபடியே, "அன்ரி கண்ணாடி போடாமல் பாத்திருப்பா" என்றார். அப்பாவின் பேச்சை எங்கள் வீட்டில் யார்தான் கேட்டார்கள்?

பொங்கலன்று காலையில் நானும் மாமாவும் போய்ப் பார்த்தோம். அன்ரியின் பின்வேலியோடு தடங்கள் கிடந்தன. வேலிக்கு அப்பால் மரங்களும் ஓடையுமாக ஒரு பள்ளம். அதற்கு முந்திய இரண்டு நாள் கொஞ்சம் வெயிலெறித்து, பனி இளகி, இரவில் திரும்ப இறுகியிருந்தது. மாமா கையுறையைக் கழற்றி ஒரு தடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். தடம் பெரிதாக இருந்தது. என் நெஞ்சு எப்படி அடித்தது தெரியுமா!

"நகம் பதியேல்லை, பார் பிள்ளை. நாய், நரி எண்டால் நகம் தெரியும். பூனைச் சாதிதான் நகத்தை உள்ளுக்கு இழுத்து வைச்சிருக்கும்" என்று மாமா மெதுவாகச் சொன்னார்.

வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்துக்கொண்டு நின்ற அன்ரி, "தம்பி, அந்த நாயைக் கொண்டுவாங்கோ!" என்று மாமாவைப் பார்த்துக் கத்தினார். முறைப்பாடு கொடுத்த அதே வாய்!

கராஜில் அம்மா சேலைக்கு மேலே சுவெற்றர் போட்டுக்கொண்டு பொங்கலுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். கோலம் போட்டு, காஸ் அடுப்பு வைத்து, பானையை ஏற்றியாயிற்று. இதற்காக ரூபியை வெளியே கட்டியிருந்தோம். "பால் பொங்க முதல் வந்திடுவம் அக்கா" என்று சொல்லி மாமா ரூபியை அவிழ்த்தார். கயிறு கிடையாது, ட்ரக்கில் லோட் கட்டுகிற மஞ்சள் பட்டிதான். மாமாவின் கையில் பனி அள்ளுகிற சவள், என் கையில் தம்பியின் ஹொக்கி மட்டை. தம்பியை வரக்கூடாது என்றுவிட்டோம். அவன் போட்ட கூச்சலில் அப்பா எழும்பி வந்து பானைக்குப் பக்கத்தில் குந்தினார்.

தடத்தில் மூக்கை வைத்ததும் ரூபி வேறு நாயாகிவிட்டது. கராஜில் தூங்கி வழிந்த கிழவி எங்கே, இது எங்கே! முதுகுமயிர் நட்டுக்கொண்டது. தலையைத் தூக்கி அந்த நீட்டுக் குரலை வைத்ததே பார்க்கலாம், பள்ளம் முழுக்க எதிரொலித்தது. முதல் குரல்! வீட்டு ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. எங்கள் தெருவில் பாதி தமிழ்ச் சனம், பொங்கல் பானையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டது.

வேலி உடைந்த இடத்தால் பள்ளத்துக்குள் இறங்கினோம். முழங்கால் வரைக்கும் பனி. ரூபி இழுத்த இழுப்பில் மாமா வழுக்கினார், விழுந்தார், எழும்பினார், திரும்ப விழுந்தார். மூக்கு எரிந்தது, கண்ணால் தண்ணீர் வந்தது, நான் சிரித்துக்கொண்டே ஓடினேன். அதற்கு முதலும் பிறகும் நான் அப்படி ஓடியதில்லை. குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. அதைத் தாண்டுவதற்காக மாமா பட்டியை என்னிடம் தந்தார். "கையை விடாதை பிள்ளை, செத்தாலும் விடாதை" என்றார்.

ரூபி இரண்டாவது குரலை எடுத்தது. வெட்டி வெட்டி, வேகமாக. எனக்கு ஆனந்தத்தில் என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை. இரண்டு கையையும் தூக்கி, "கோ ரூபி, கோ!" என்று கத்தினேன். இரண்டு கையையும் தூக்கினால் பட்டியை யார் பிடிப்பது?

மஞ்சள் பட்டி பனியில் பாம்பாக நெளிந்துகொண்டு போய் மறைந்தது. மாமா தலையில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் குரைப்பு தூரத் தூரப் போனது. பிறகு ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கேட்டது. மூச்சு விடாமல், நிறுத்தாமல், ஒரே அடி.

"மாமா! மூண்டாவது! ஏத்திட்டுது!" நான் துள்ளினேன். மாமா துள்ளவில்லை.

ஓடையின் கரையில் ஒரு சாய்ந்த மரம், பாதி தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. அடிமரத்தில் முன்னங்கால் இரண்டையும் போட்டு ரூபி அண்ணாந்து குரைத்துக்கொண்டிருந்தது. நான் மட்டையை உயர்த்தி மேலே பார்த்தேன். கிளையின் நுனியில், உடம்பெல்லாம் சிலிர்த்து, அன்ரியின் 'பிள்ளை' இருந்தது.

மாமா சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. பூனைச் சாதிதான். இளகிய பனியில் தடம் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டு போகும் என்பதை மட்டும் அவர் மறந்துவிட்டார். அன்ரி தன் பூனையைத் தானே சிங்கமென்று பார்த்திருக்கிறார். பின்கதவு வழியாக அது ஊர்சுற்றப் போவது அவருக்குத் தெரியாதே!

சிரிப்பு வரவில்லை. ரூபி மரத்தில் பாய்ந்து பாய்ந்து விழ, கிளை ஆடியது. பூனை இன்னும் நுனிக்கு நகர்ந்தது. கீழே பனிக்கட்டி மெல்லிசாக, நடுவில் கறுப்புத் தண்ணீர் ஓடியது. மேட்டில் அன்ரி வந்து நின்று, "ஐயோ, என்ரை பிள்ளை!" என்று குழறினார். பூனை விழுந்தால் எல்லாம் முடிந்தது. பொங்கலுக்குப் பிறகென்ன, இன்றைக்கே ரூபியைக் கொண்டுபோய்விடுவார்கள். பட்டியை விட்டது நான். "மாமா, பிடியுங்கோ!" என்று கத்தினேன்.

மாமா அசையவில்லை. சவள் கையிலிருந்து விழுந்து கிடந்தது. மேலே பூனையைப் பார்த்தபடி நின்றார், முகம் சாம்பலாக இருந்தது. பூனைக்குப் போய் இப்படிப் பயப்படுகிறாரே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானே போய்ப் பட்டியை இழுத்தேன். ரூபி என்னையும் சேர்த்து இழுத்தது, ஒரு அங்குலம் விலகவில்லை.

அப்போதுதான் அம்மா வந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அப்பாவின் பெரிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு, கோட் இல்லாமல். பொங்கல் பானையை இடையில் விட்டுவிட்டு வருகிற ஆளே அல்ல அவர். ஓடிவரவில்லை, கத்தவுமில்லை. சும்மா வீட்டுப் பின்கோடிக்குப் போகிறவர் மாதிரி நடந்து வந்தார். நாயைத் தொட்டு நான் ஒருநாளும் கண்டிராத அம்மா, ரூபிக்குப் பக்கத்தில் பனியில் முழங்காலைக் குத்தினார். ஒரு கையை அதன் தாடைக்குக் கீழே கொடுத்தார். மற்றக் கையால் கண்ணைப் பொத்தினார். அப்படியே முகத்தைத் திருப்பித் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

"காணும், காணும். நல்ல பிள்ளையல்லோ. அங்கை ஒண்டும் இல்லை. மேலை ஒண்டும் இல்லை."

ரூபி இரண்டு தரம் முனகியது. பிறகு நின்றுவிட்டது.

"ஒருத்தரும் அண்ணாந்து பாக்காதேங்கோ" என்று அம்மா எங்களுக்குச் சொன்னார். நாங்கள் நிலத்தைப் பார்த்தோம். மேட்டில் நின்ற அன்ரியும் குனிந்துகொண்டார். இதுவும் வேட்டையில் ஒரு விதி போலிருக்கிறது, மாமா எனக்குச் சொல்லித்தர மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அம்மா ரூபியின் முகத்தை விடாமல், மரத்துக்கு முதுகைக் காட்டியபடி, மெல்ல மெல்ல மேட்டுக்கு நடத்திக்கொண்டு போனார். பின்னால் மரப்பட்டையில் நகம் உரசும் சத்தம் கேட்டது. பூனை இறங்கி, ஒரே பாய்ச்சலில் அன்ரியின் கையில் இருந்தது.

"அக்கா" என்றார் மாமா.

"பிள்ளையளுக்கு முன்னாலை ஒண்டும் கதையாதை. வா, பால் பொங்கப்போகுது" என்றார் அம்மா.

பால் ஏற்கெனவே பொங்கிவிட்டது. அப்பாவும் தம்பியும் தனியே நின்று, "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியிருக்கிறார்கள். கிழக்குப் பக்கமாய் வழிந்ததாம். "கிழக்கெண்டால் ஒஷாவாப் பக்கம், என்ரை மகளுக்கு நல்ல வருசம்" என்று பூனையை ஜாக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு அன்ரி சந்தோசப்பட்டார். ரூபியைப் பற்றி அவர் பிறகு மூச்சும் விடவில்லை, விட்டால் பசுக்கண்டுக் கதை வெளியே வருமல்லவா! அம்மா சூரியனுக்குப் படைத்தார். எங்களுக்குப் போடுவதற்கு முதல் ஒரு பேப்பர்த் தட்டில் பொங்கலை அள்ளி, ஊதி ஆறவைத்து, ரூபிக்கு முன்னால் வைத்தார்.

அடுத்த நாள் முழுக்க நான் அம்மாவின் பின்னாலேயே திரிந்தேன், ரூபியை அனுப்பச் சொல்லி எப்போது வாய் திறப்பாரோ என்று. அவரோ பின்னேரம் பழைய போர்வை ஒன்றைக் கொண்டுபோய் குசினிக் கதவடியில் விரித்தார். ரூபி அதில் நாலு வருடம் படுத்திருந்தது. குரைத்தால் மட்டும் ரேடியோவின் சத்தம் கூடும்.

மாமாவை நான் விடவில்லை. பூனைக்குப் பயந்தவர் என்று கலியாண வீடு, சாமத்திய வீடு, கண்ட இடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். "ஓம் பிள்ளை, சரியான பயம்" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். போன பனிக்காலம் அவருடைய காரில் ஒஷாவாவுக்குப் போகும்போதும் அதே பகிடியை எடுத்தேன். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

"எனக்குப் பதினாறு வயசு. ஊரிலை ஆமியின்ரை சுற்றிவளைப்பு. எங்கடை வயசுப் பெடியளைத்தான் பிடிக்கிறாங்கள். நான் பின்வளவிலை மாமரத்திலை ஏறிட்டன். எங்கடை வீட்டு நாய் இருக்கெல்லே, அதுக்கு என்னிலை சரியான வாரப்பாடு. நான் விளையாடுறன் எண்டு நினைச்சு, அடிமரத்திலை காலைப் போட்டு அண்ணாந்து பாத்துக் குரைக்குது. அவங்கள் படலையடியிலை நிக்கிறாங்கள்."

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"அக்காவுக்குப் பத்தொன்பது. குசினிக்குள்ளையிருந்து வந்தா. அவங்களையும் பாக்கேல்லை, என்னையும் பாக்கேல்லை. நாயின்ரை முகத்தைப் பொத்தித் திருப்பிக்கொண்டு போனா. அங்கை ஒண்டும் இல்லை எண்டு நாய்க்குத்தான் சொன்னா. அவங்களும் கேட்டுக்கொண்டு நிண்டவங்கள். ஒருத்தனும் அண்ணாந்து பாக்கேல்லை."

கார்க் கண்ணாடியில் பனி விழ, வைப்பர் தள்ளிக்கொண்டிருந்தது. ரூபி வந்த அன்றைக்கு குசினியிலிருந்து அம்மா கேட்ட அந்தக் கேள்வி எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் சிங்கத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

"மாமா, அந்தச் சிங்கம் உண்மையா இறங்கினதோ?"

"அங்கை அக்கா இல்லையே, பிள்ளை" என்றார்.

அன்றைக்கு சிங்கமாக சோஃபாவின் முதுகில் குந்தியிருந்த மாமா, முதலில் கீழே இறங்கி நின்றுவிட்டுத்தான் அம்மாவுக்குப் பதில் சொன்னார். நான் துவக்கென்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.